பொத்தானுக்குப் பின்னால் போன வரி

1. காலி இடம்

செவ்வாய்க்கிழமை காலை பத்தே கால் மணிக்கு முரளி சார் தன் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். மலையைச் சுற்ற வருகிற கூட்டத்தால் ஊரே நிரம்பும் பௌர்ணமி கிரிவலத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் இருந்தது. எந்த மாதம், எந்த வருடம் என்பது என் வேலை நோட்டில் இருக்கிறது. இதில் வருகிறவர்கள் எல்லாரும் இன்றும் ஊருக்குள் நடமாடுகிறவர்கள் என்பதால் இங்கே கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"இன்னா ரேவதி இது? பொக்க வாய் மாதிரி இருக்குது?"

வேங்கிக்காலில் ஒரு மாடியில் இரண்டு அறை எடுத்து முரளி சார் வெப்சைட் செய்து கொடுக்கும் ஆஃபீஸ் நடத்தினார். லாட்ஜ், மெஸ், டிராவல்ஸ், வீட்டில் அறை விடுபவர்கள், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். வாடிக்கையாளரிடம் பேசுவது அவர் வேலை. பக்கத்தைக் கட்டுவது என் வேலை. அப்போது எனக்கு இந்தத் தொழிலில் ஆறாவது வருடம்.

அவர் காட்டிய பக்கம் தனலட்சுமி அக்காவுடையது. செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில் அவருக்கு மூன்று அடுக்கு வீடு. ஒவ்வொரு அடுக்கிலும் இரண்டு அறைகளை வெளியூர்க்காரர்களுக்கு விடுவார். தரைத்தளத்தின் பின்பகுதியில் அவரும் கணவரும் இருந்தார்கள். ஆறு அறைக்கு ஆறு பெட்டி: மேலே படம், அதன் கீழே பெயர், பிறகு விவரம், கடைசியில் "பதிவு செய்ய" என்ற பொத்தான்.

பக்கத்தில் முதல் வரிசையில் மூன்று பெட்டிகள் சரியாக நின்றன. இரண்டாவது வரிசையில் இடதுபுறம் வெறும் வெள்ளை. நான்காவது பெட்டி நடுவில், ஐந்தாவது வலதுபுறம், ஆறாவது தனியாக மூன்றாம் வரிசைக்கு இறங்கியிருந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை விளக்க வேண்டும். அன்று நாங்கள் பயன்படுத்திய கிரிட் ஃப்ரேம்வொர்க் பக்கத்தின் அகலத்தைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரிக்கும். ஒரு பெட்டிக்கு நான்கு பாகம் கொடுத்தால் வரிசைக்கு மூன்று பெட்டி நிற்கும். பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைப்பது ஃப்ளோட் என்ற ஏற்பாடு. ஃப்ளோட் ஆன பெட்டி, எவ்வளவு மேலே போக முடியுமோ அவ்வளவு மேலே போகும். பிறகு இடதுபக்கம் எதுவரை நகர முடியுமோ அதுவரை நகரும். வழியில் எதிலாவது இடித்தால் அங்கேயே நின்றுவிடும். அதற்கு வரிசை என்று ஒன்று தெரியாது. தன் பக்கத்தில் இருக்கும் விளிம்பு மட்டும்தான் தெரியும்.

தனலட்சுமி அக்காவின் முதல் அறையின் பெயர் "சமையல் வசதியுள்ள குடும்ப அறை". மற்றவை "தனி அறை", "இருவர் அறை" என்று ஒரே வரியில் முடிந்தன. முதல் பெயர் மட்டும் இரண்டு வரியாக மடிந்து, அந்தப் பெட்டி மற்றவற்றைவிட ஒரு வரி உயரமாகிவிட்டது. நான்காவது பெட்டி இடதுபக்கம் போகப் பார்த்து, அந்த ஒரு வரி உயரத்தில் இடித்து, நடுவிலேயே நின்றுவிட்டது. ஆங்கிலத்தில் இந்தச் சிக்கல் வரவில்லை. "ஃபேமிலி ரூம்" ஒரே வரி.

"மதியானம் அந்தம்மா பார்க்க வராங்க. அதுக்குள்ள நேர் பண்ணிடு," என்றார் முரளி சார். "பொத்தான் எல்லாம் ஒரே கோட்டுல வரணும். ஒண்ணு மேல ஒண்ணு கீழ இருந்தா அசிங்கமா இருக்குது."

2. நானூற்று இருபது

இதற்கு முறையான வழி எனக்குத் தெரியும். ஒவ்வொரு மூன்று பெட்டிக்கும் பிறகு கிளியர் என்று ஒன்றைப் போட வேண்டும். மேலே உள்ளவர்கள் முழுவதும் முடிந்த பிறகுதான் அடுத்தவர் தொடங்க வேண்டும் என்று அது சொல்லும். ஆனால் டேப்லெட்டில் வரிசைக்கு இரண்டு பெட்டி வரும். அங்கே கிளியர் வேறு இடத்தில் விழ வேண்டும். அதைச் செய்தாலும் பொத்தான்கள் ஒரே கோட்டில் வராது.

எனவே நான் குறுக்கு வழியில் போனேன். எல்லாப் பெட்டிக்கும் ஒரே உயரம் கொடுத்தேன், நானூற்று இருபது பிக்சல். உயரத்தைத் தாண்டி வரும் எதையும் காட்டாதே என்று ஓவர்ஃப்ளோ ஹிடன் போட்டேன். படத்தின் உயரத்தையும் மாறாதபடி கட்டினேன். பொத்தானை மட்டும் தனியே எடுத்துப் பெட்டியின் அடிவிளிம்பில் ஒட்ட வைத்தேன். உள்ளே எழுத்து எவ்வளவு இருந்தாலும் பொத்தான் அசையாது.

அன்றைய நோட்டுக் குறிப்பு இப்படி இருக்கிறது: "செவ்வாய். த.ல. அக்கா பக்கம். அறைப் பெட்டி உயரம் 420. மீறுவது மறைவு. பொத்தான் அடியில். 11.40க்கு முடிந்தது. மு. சார் திருப்தி."

மதியம் தனலட்சுமி அக்கா வந்தார். திரையை முழுதாகப் பார்த்தார். அழகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி இரண்டு பெட்டிகளில் விரலை வைத்து, தான் எழுதிக் கொடுத்த ஒரு வரியைத் தேடினார். "இது இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. படி ஏற முடியாதவர்கள் இந்த அறையை எடுக்க வேண்டாம்."

அந்த வரிக்காக ஒரு வாரம் முன்பே அவருக்கும் முரளி சாருக்கும் வாக்குவாதம் நடந்திருந்தது.

"வேணாங்க்கா. வர்றவங்கள நாமளே தொரத்துற மாதிரி இருக்குது," என்றார் முரளி சார்.

"தொரத்தல முரளி. வந்து ஏமாறக் கூடாதுல்ல? என் வூட்டுக்கு வர்றவங்க என்னை நம்பி வராங்க. போடு."

முரளி சார் போடத்தான் செய்தார். ஆனால் அதற்கு முன்னால் தன் கையால் மூன்று வாக்கியம் சேர்த்தார்: மலை முழுதாகத் தெரியும், காலையில் வெயில் வரும், மாலையில் காற்று வரும். படி விஷயம் அதற்கெல்லாம் பிறகு கடைசி வரியாக உட்கார்ந்தது.

ஆஃபீஸ் கம்ப்யூட்டரில் அந்த வரி பொத்தானுக்கு நேர் மேலே தெளிவாகத் தெரிந்தது. தனலட்சுமி அக்கா தலையாட்டினார். "இது இருந்தா போதும். மத்தது உங்க இஷ்டம்."

அவர் போன பிறகு என் போனிலும் திறந்து பார்த்தேன். எங்கள் பக்கங்கள் எல்லாம் முதலில் ஆங்கிலத்தில்தான் திறக்கும். மேலே இருக்கும் "தமிழ்" என்ற எழுத்தைத் தொட்டால் தமிழுக்கு மாறும். நான் அதைத் தொடவில்லை. ஆங்கிலத்தில் எல்லாம் சரியாக இருந்ததால் போனைக் கீழே வைத்துவிட்டேன். அவசரம் ஒன்றும் இல்லை. வேறு காரணம் சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. தொடவில்லை, அவ்வளவுதான்.

3. இரண்டு திரைகள்

பௌர்ணமி ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆஃபீஸ் விடுமுறை. மூன்று இருபதுக்குத் தனலட்சுமி அக்காவிடமிருந்து போன்.

"ரேவதி, அந்தப் படி வரி போட்டியா இல்லியா?"

"போட்டிருக்குக்கா. நீங்களே பாத்தீங்களே."

"இங்க ஒரு சார் வந்திருக்காரு. கால் முடியாதவரு. மேல் ரூம எடுத்துட்டாரு. வரியே இல்லங்கிறாரு. நான் என் போன்ல பாத்தேன், எனக்கும் தெரியல. இன்னா பண்ணி வெச்சீங்க?"

வீட்டு லேப்டாப்பைத் திறந்தேன். தமிழ்ப் பக்கம், ஆறாவது பெட்டி. வரி இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. திரையைப் படம் பிடித்து அவருக்கு அனுப்பிவிட்டு, "இருக்குதுக்கா, அவருக்குக் காட்டுங்க" என்றேன்.

அந்த நிம்மதியில் நான் செய்த வேலை நிலைமையை இன்னும் கெடுத்தது. ஒரு நிமிடத்தில் போனில் வேறு குரல் வந்தது. நிதானமான குரல்.

"மேடம், வணக்கம். என் பேரு பாஸ்கரன். என் கையில இருக்கிற போன்ல அந்த வரி இல்ல. இந்தம்மா போன்லயும் இல்ல. நீங்க அனுப்புன படத்துல மட்டும் இருக்கு. இப்ப சேத்துட்டு படம் புடிச்சு அனுப்புறீங்களா?"

"இல்ல சார், பத்தொம்பது நாளா இருக்குது."

"அப்ப என் கண்ணுதான் சரியில்லன்றீங்க."

தனலட்சுமி அக்கா போனைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அவர் குரல் தாழ்ந்திருந்தது. "என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டியே ரேவதி. மொதல்ல மறைச்சேன்னு சொன்னாரு. இப்ப மறைச்சுட்டு ஏமாத்தறேன்னு சொல்றாரு. நெட்ல எழுதிப் போடப் போறாராம். அதைப் படிச்சா இனிமே எவன் என்னை நம்புவான்? நீ நேர்ல வா."

கிளம்பும் முன் முரளி சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"சிஸ்டம்ல இருக்குதுல்ல?" என்றார்.

"இருக்குது சார். போன்ல ஏன் தெரியலன்னு பாக்கணும்."

"பாரு. ஆனா நம்ம மேல தப்புன்னு வாய வுடாத. போன் பழசு, அதான் சரியா வரலன்னு சொல்லு. ஒரு எடத்துல ஒத்துக்கிட்டா நாளைக்கு எல்லா லாட்ஜ்காரனும் வந்து நிப்பான்."

பௌர்ணமி என்பதால் செங்கம் ரோட்டில் வண்டி விடவில்லை. வெளிச்சாலையைச் சுற்றிப் போய், தடுப்புக்கு வெளியே ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, மீதி முக்கால் கிலோமீட்டரை நடந்தேன். கூட்டம் எதிர்ப்பக்கம் போய்க்கொண்டிருந்தது. அந்த மனிதரும் இதே தடுப்பிலிருந்து பையோடு நடந்துதான் வந்திருப்பார் என்பது பாதி வழியில்தான் எனக்கு உறைத்தது.

4. பத்தாவது படி

பாஸ்கரன் சார் மாடிப்படி திரும்பும் இடத்தில், பத்தாவது படியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது. இடது காலில் முழங்காலுக்கு மேல்வரை இரும்புப் பட்டை. பக்கத்தில் ஊன்றுகோல், ஒரு தோள்பை. மேலேயும் போகவில்லை, கீழேயும் இறங்கவில்லை. தனலட்சுமி அக்கா கீழே நின்றிருந்தார்.

அவர் வந்த நேரத்தில் தனலட்சுமி அக்கா பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாராம். அங்கே தங்கியிருந்த யாரோ "அந்த ரூமா? மேல போங்க" என்று கை காட்ட, ஏதோ நாலைந்து படிதான் போலிருக்கிறது என்று ஏறத் தொடங்கியிருக்கிறார். திருப்பத்துக்கு வந்து மேலே பார்த்தபோதுதான் முதல் மாடியே இன்னும் வரவில்லை என்று தெரிந்திருக்கிறது.

"வாங்க மேடம்," என்றார். "எதிர்த்தரப்பு வந்தப்புறம்தான் எதையும் ஃபைல் பண்றது. கோர்ட்ல இருபத்தெட்டு வருஷமா டைப்பிஸ்ட். அந்த முறைய மாத்த முடியாது."

போனை நீட்டினார். ஊருக்கு வருகிறவர்கள் பார்க்கும் விமர்சனப் பக்கத்தில் அவர் டைப் செய்து வைத்திருந்தார். அனுப்புவதுதான் பாக்கி. "வீட்டுக்காரர் இரண்டாம் மாடி அறையைப் படி பற்றிச் சொல்லாமல் பதிவு செய்ய வைக்கிறார். கேட்டால் இல்லாத வரி இருப்பதாக ஆதாரம் தயாரித்துக் காட்டுகிறார். நம்ப வேண்டாம்." ஒரு பிழை இல்லை. ஒற்றை நட்சத்திரம்.

"சார், ஏதாவது பேசிட்டுப் போடுங்க சார்," என்றார் தனலட்சுமி அக்கா. "ரூம் போனா போவுது. பொய் சொன்னேன்னு மட்டும் எழுதாதீங்க."

"அம்மா, நான் கோவத்துல எழுதல. மத்த ரெண்டு ரூம்ல 'முதல் மாடி'ன்னு தெளிவா போட்டிருக்கு. இதுல ஒண்ணும் இல்ல. ஒரு எடத்துல போட்டு ஒரு எடத்துல போடலன்னா, போடாதது தரைத்தளம்னுதானே எவனும் நெனப்பான்?"

"மலை முழுசா தெரியும்னு போட்டிருக்குதே சார். அதுலயே மேலன்னு தெரியலியா?"

"இந்த ஊர்ல எங்க நின்னாலும் மலை தெரியுது. பஸ் ஸ்டாண்டு டாய்லெட் வாசல்ல கூட தெரிஞ்சுது."

தனலட்சுமி அக்காவுக்குச் சிரிப்பு வந்து, உடனே அடக்கிக்கொண்டார்.

நான் அவர் போனை வாங்கி எங்கள் பக்கத்தைத் திறந்தேன். போன் பழையதுதான். ஒரு மூலையில் கீறல் விழுந்திருந்தது. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தார். ஆறாவது பெட்டிக்கு வந்தேன். படம், பெயர், மலை, வெயில், காற்று. அதற்கு அடுத்து நேராகப் பச்சை நிறப் பொத்தான். வரி இல்லை.

ஆஃபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்து வேறு, போனில் வருகிற தமிழ் எழுத்து வேறு. போன் எழுத்து தடிமன், வரிக்கு வரி இடைவெளியும் ஜாஸ்தி. திரையும் குறுகல். அங்கே ஆறு வரியாக இருந்தது இங்கே ஒன்பது வரி. பெட்டியோ நானூற்று இருபதைவிட வளராது. மீதி எங்கே போகும்? அடியில் ஒட்டவைத்த பொத்தானுக்குப் பின்னால் போயிருந்தது. முதல் மாடி அறைகளுக்கு விவரம் கம்மி. அதனால் அவற்றில் எல்லாம் தெரிந்தது.

இந்த இடத்தில் "போன் பழசு சார்" என்று நான் சொல்லியிருக்க முடியும். அவர் நம்பியும் இருப்பார். அது பாதி உண்மையும்கூட. தனலட்சுமி அக்கா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போனைக் குறை சொன்னால் முரளி சாரும் நானும் தப்பிப்போம். ஆனால் வரி இருந்தது என்பதற்கு அந்த அம்மாவிடம் என் வார்த்தையைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. என் வார்த்தையின் மதிப்பு ஒரு மணி நேரம் முன்பே போய்விட்டது.

"சார், இதுல ஆட்டோ ரொட்டேட் ஆன் பண்ணிட்டு, போன நீங்களே படுக்கவாட்டுல திருப்புங்க. நான் தொடல," என்று போனை அவர் கையில் கொடுத்தேன்.

திருப்பினார். பெட்டி அகலமானது. ஒன்பது வரி ஐந்தாகச் சுருங்கியது. பொத்தானுக்கு மேலே அந்த வரி வந்து நின்றது.

அவர் சத்தமாகவே படித்தார். "படி ஏற முடியாதவர்கள் இந்த அறையை எடுக்க வேண்டாம்." போனை நேராக்கினார். வரி போனது. மறுபடி திருப்பினார். வந்தது. இப்படி நான்கு முறை செய்தார்.

"பொத்தானுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்துச்சா?"

"ஒளியல சார். நான்தான் மூடிட்டேன். பெட்டி எல்லாம் ஒரே உயரத்துல நிக்கணும்னு கட்டிப் போட்டேன். போன்ல, தமிழ்ல வெச்சுப் பாக்கல. அக்கா முதல் நாளே இத எழுதிக் கொடுத்தாங்க. வேணாம்னு சொன்னது எங்க ஆஃபீஸ். சண்ட போட்டு வெக்கச் சொன்னது அவங்க."

அவர் பொத்தான் இருந்த இடத்தில் கட்டைவிரலை வைத்தார். "அப்போ நான் ரூம் எடுத்தப்ப இந்த வரி மேலதான் விரல வெச்சு அமுக்கியிருக்கேன்."

"ஆமா சார்."

பிறகு அவர் விமர்சனப் பக்கத்துக்குப் போய், எழுதியதை மொத்தமாக அழிக்காமல், கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் அழித்தார். டைப்பிஸ்ட் பழக்கம் போலிருக்கிறது. "நம்ப வேண்டாம்" முதலில் போனது.

"அம்மா, மன்னிச்சுக்கோங்க. நான் உங்கள சந்தேகப்பட்டுட்டேன்."

தனலட்சுமி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சடசடவென்று பேசினார். "அது கெடக்கட்டும் சார். கீழ எங்க போர்ஷன் முன்ரூம்ல கட்டில் இருக்குது. நீங்க அங்க படுங்க. நாங்க ரெண்டு பேரும் மேல போயிக்கிறோம். இன்னைக்கு இந்த ஊர்ல வேற ரூம் கெடைக்காது, சும்மா பேச்ச வளக்காதீங்க."

"உங்க கட்டில்ல படுக்கவா நான் வந்தேன்?"

"அப்ப பத்தாவது படியிலயே படுக்கிறீங்களா?"

அவர் சிரித்துவிட்டார். ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழுந்தார். இறங்கும்போது கைப்பிடி இடதுபக்கம் வந்தது. ஊன்றுகோல் இடது கையில் இருந்ததால் அது அவருக்குத் தோதாக இல்லை. சுவரில் கை ஊன்றி ஒவ்வொரு படியாக இறங்கினார். பை என்னிடம் இருந்தது.

கீழே வந்து உட்கார்ந்த பிறகு சொன்னார்: "மேடம், அந்த வரிய திருப்பி எழுதுங்க. 'ஏற முடியாதவர்கள்'னா யாரு? எனக்குப் பன்னெண்டு படி வரைக்கும் முடியும். இன்னொருத்தருக்கு மூணுதான் முடியும். எத்தன படின்னு எண்ணிப் போடுங்க. கைப்பிடி எந்தப் பக்கம்னு போடுங்க. முடியுமா முடியாதான்னு நாங்க முடிவு பண்ணிக்கிறோம்."

நான் எண்ணினேன். முதல் மாடிக்குப் பத்தொன்பது. இரண்டாம் மாடிக்குக் கீழேயிருந்து மொத்தம் நாற்பத்தொன்று. தெருவிலிருந்து வாசலுக்கு மூன்று, அதை நாங்கள் யாரும் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. கைப்பிடி ஏறும்போது வலதுபுறம்.

5. திங்கட்கிழமை

"ஒத்துக்கிட்டியா?" என்று முரளி சார் கேட்டார்.

"ஒத்துக்கிட்டேன் சார்."

அவர் பேனாவைத் தட்டிக்கொண்டே இருந்தார். திட்டு வரும் என்று எதிர்பார்த்தேன். "இந்த மாதிரி உயரம் கட்டி எத்தன சைட்ல வெச்சிருக்க?" என்றுதான் கேட்டார்.

நோட்டைப் புரட்டினேன். ஏழு. தேதியோடு எழுதிவைக்கும் பழக்கத்தை அவர் பல தடவை கேலி செய்திருக்கிறார். அன்று ஏழு சைட்டையும் சாயங்காலத்துக்குள் பிரித்துக் கட்டினோம். ஒரு மெஸ் பக்கத்தில் "செவ்வாய் விடுமுறை" என்ற வரியில் "விடுமுறை" மறைந்து "செவ்வாய்" மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனை பேர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினார்களோ தெரியாது.

தனலட்சுமி அக்காவின் வெப்சைட்டில் பெட்டிகளின் உயரத்தை எடுத்தேன். மூன்றுக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று திரைக்குத் தக்கபடி கிளியர் போட்டேன். படி எண்ணிக்கையைக் கடைசியிலிருந்து பெயருக்கு நேர் கீழே கொண்டுவந்தேன். பொத்தான்கள் மேலும் கீழுமாக நின்றன. முரளி சார் வந்து பார்த்தார். மூக்கைச் சொறிந்தார். தன் மேசைக்குத் திரும்பிப் போனார்.

கல்வெட்டுகளைப் பற்றிப் படிப்பது எனக்கு ஒரு பழக்கம். கோயில் சுவர்களில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். வரி முடியும் முன் சுவரின் மடிப்பு வந்துவிட்டால், எழுத்து அந்த மடிப்பில் திரும்பி அடுத்த முகத்தில் தொடரும். பார்வைக்குச் சீராக இருக்காது. ஆனால் கல் போதவில்லை என்பதற்காக ஒரு சொல்லைக் கழற்றிப் போடவில்லை. யாருக்கு எவ்வளவு நிலம், யார் விளக்கு எரிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. விட்டுப்போனால் ஒருவர் உரிமை போய்விடும். எழுதியவருக்கு அது தெரிந்திருந்தது. இதை நான் பல வருடம் ரசித்திருக்கிறேன். என் மேசையில் நானூற்று இருபது என்று டைப் செய்தபோது நினைவுக்கு வரவில்லை.

இன்று வேலைக்கு வருகிறவர்களுக்கு ஃப்ளோட்டோடு மல்லுக்கட்டும் அவசியம் இல்லை. ஃப்ளெக்ஸ் என்ற புது ஏற்பாடு வந்தது, பிறகு பிரவுசருக்குள்ளேயே கிரிட் வந்துவிட்டது. ஒரு வரிசையில் ஒரு பெட்டி உயர்ந்தால் மற்றவை தாமாகவே அதன் உயரத்துக்கு நீளும். யாரையும் வெட்ட வேண்டியதில்லை. நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். ஆனால் அவர்கள் கட்டும் பக்கங்களிலும், எழுத்து இருக்கும் பெட்டிக்கு உயரம் கட்டியிருப்பதை இன்றும் பார்க்கிறேன். காரணம் கேட்டால் அதே பதில்தான்: பார்க்க நேராக இருக்கிறது.

நான் அவர்களிடம் மூன்றே விஷயம் சொல்வேன். மாதிரிக்குப் போடும் எழுத்து, உங்களிடம் இருப்பதிலேயே நீளமானதாக இருக்கட்டும். தமிழ்ப் பக்கத்தைத் தமிழில், பெரிய எழுத்து வைத்த போனில் பாருங்கள். எழுத்து இருக்கும் பெட்டிக்கு உயரம் கொடுக்காதீர்கள். அதில் எந்த வரி யாருக்கு முக்கியம் என்று கட்டுகிற நமக்குத் தெரியாது.

பாஸ்கரன் சார் வந்ததற்கு அடுத்த பௌர்ணமி ஒரு திங்கட்கிழமை. மறுநாள் தனலட்சுமி அக்கா வேறு ஏதோ படம் மாற்றச் சொல்லிக் கூப்பிட்டார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "கடலூர்லேர்ந்து ஒருத்தர் போன் பண்ணாரு ரேவதி. நாப்பத்தியொரு படின்னு போட்டிருக்கீங்க, எங்கம்மாவால முடியாதுங்க, வேற எடம் பாத்துக்கிறோம்னாரு. நேத்து மேல ஒரு ரூம் காலியாதான் கெடந்துச்சு."

"உங்களுக்கு நஷ்டம்தானேக்கா?"

"பௌர்ணமிக்கு ரூம் காலியா கெடந்தா நஷ்டம்தான். ஆனா வேணாம்னு சொல்லிட்டு, அந்த ஆளு எனக்கு தேங்க்ஸ் சொன்னாரு ரேவதி. இதுவரைக்கும் வராதவங்க யாரும் எனக்கு தேங்க்ஸ் சொன்னதில்ல."